சாமியாருக்கு ஏன் கல்யாணம் இல்லை?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிடும். ஊரின் ஒரு பக்கம் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) கோயில், இன்னொரு பக்கம் ஆர்.சி. (உரோமன் கத்தோலிக்க) கோயில். சி.எஸ்.ஐ. போதகரை ‘ஐயர்’ என்பார்கள். அவர் வீட்டில் ஐயரம்மா இருப்பார்; ஐயர் மகன் நம் வகுப்பில்தான் படிப்பான், கணக்கில் நம்மைவிடக் குறைவாக மார்க் வாங்குவான். ஆர்.சி. சாமியாரோ பெரிய பங்களாவில் தனியாள். சமையலுக்கு ஒருவர், கோயில் வேலைக்கு உபதேசியார் ஒருவர், அவ்வளவுதான். பைபிள் ஒன்று, இயேசு ஒருவர், கிறிஸ்துமஸும் ஒரே நாள். அப்புறம் எப்படி ஒருவருக்குக் குடும்பம் உண்டு, மற்றவருக்கு இல்லை?

கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். கோயிலுக்குள் கேட்டால், “இயேசுவே கல்யாணம் பண்ணிக்கலையே” என்பார்கள். டீக்கடையில் கேட்டால், “எல்லாம் சொத்துக்குத்தான். சாமியாருக்குப் பிள்ளை பிறந்தா கோயில் நிலம் அவனுக்குப் போயிடும்ல” என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. விதி ஏறக்குறைய 1,700 ஆண்டுப் பழசு. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ஒரு போப் எழுதிய காரணத்தை இன்றைய திருச்சபை தன் வாயால் சொல்லாது.

முதலில் நம் ஊர்க் கண்ணோட்டத்திலுள்ள ஒரு சிக்கலைப் பிரித்துவிடுவது நல்லது. நமக்குச் சாமியார் என்றாலே துறவி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, இறைச்சியை விட்டு, சன்னியாசி போலவே வாழ்ந்தார். பின்னால் வந்த பெஸ்கி ‘வீரமாமுனிவர்’ ஆனார். மனைவி மக்கள் இல்லாதவர் முனிவர் என்பது இந்த மண்ணில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருவரும் இயேசு சபைத் துறவிகள்தான். அவர்களைப் போன்றவர்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பங்கில் இருப்பவர் பெரும்பாலும் மறைமாவட்டக் குரு, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) எல்லைக்குள் பணிசெய்பவர். அவர் துறவி இல்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்குக் கிடையாது. வங்கிக் கணக்கு, பைக், அப்பா எழுதிவைத்த நிலம் எல்லாம் இருக்கலாம். ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தின்போது மணத்துறவுக்கும் வாக்குக் கொடுக்கிறார்.

எனவே உண்மையான கேள்வி மடத்துத் துறவி பற்றியது அல்ல. பௌத்தத்திலும் சமணத்திலும் சைவ ஆதீனங்களிலும் அது உண்டு. ஊருக்கு நடுவில் வாழ்ந்து, பள்ளிக்கூடம் நடத்தி, புருஷன் பொண்டாட்டி சண்டை தீர்த்து, மாதம் நாலு கல்யாணம் செய்துவைக்கும் மனிதருக்கு ஏன் கல்யாணம் கூடாது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று: இது விசுவாசக் கோட்பாடு இல்லை, ஒழுங்குமுறைச் சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 277ஆம் எண். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் குருக்களைப் பற்றி 1965இல் வெளியிட்ட ஏடே, குருத்துவத்தின் இயல்பு மணத்துறவைக் கட்டாயமாகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆதித் திருச்சபையையும் கீழைத் திருச்சபைகளையும் சான்றாகக் காட்டுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை என்பது உண்மையில் ஒரு குடை. அதன் கீழ் உரோமை வழிபாட்டு முறையைப் பின்பற்றும் லத்தீன் திருச்சபையும், தனித்தனி மரபுகளைக் கொண்ட 23 கீழைத் திருச்சபைகளும் இருக்கின்றன. உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்கர், லெபனானின் மரோனைட்டுகள் போன்றவர்களிடம் மனைவி, பிள்ளைகளோடு வாழும் குருக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் போப்புக்குக் கீழ்ப்பட்டவர்கள்தான். உலகின் சுமார் 4 லட்சம் கத்தோலிக்கக் குருக்களில் மிகப் பெரும்பாலோர் லத்தீன் மரபினர் என்பதால் இவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

சரி, பைபிள் என்ன சொல்கிறது? முதல் போப்பாகக் கருதப்படும் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததையும் இயேசு அவரைக் குணமாக்கியதையும் மாற்கு எழுதியிருக்கிறார். மனைவி இல்லாமல் மாமியார் ஏது? மற்றத் திருத்தூதர்களும் கேபாவும் மனைவியைக் கூட்டிக்கொண்டு பயணம் போகிறார்களே என்று பவுல் கொரிந்தியருக்குக் கேட்டு எழுதுகிறார். கேபா என்பது பேதுருதான். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், சபைக் கண்காணிப்பாளர் ஒரே மனைவியின் கணவராக இருக்க வேண்டும் என்கிறது. மறுபக்கமும் இருக்கிறது. விண்ணரசுக்காகத் திருமணத்தைத் துறப்பவர்களைப் பற்றி மத்தேயு 19இல் இயேசு பேசுகிறார். மணமாகாதவர் ஆண்டவருக்குரியதில் அக்கறை காட்டுகிறார், மணமானவர் மனம் பிளவுபடுகிறது என்கிறார் பவுல். ஆனால் அதே அதிகாரத்தில் அவரே, இது பற்றி ஆண்டவரின் கட்டளை என்னிடம் இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன் என்றும் எழுதிவிடுகிறார். பவுலின் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அவர் கருத்தாகச் சொன்னது சட்டமாக இறுக ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆனது.

முதல் எழுத்துச் சட்டம் ஸ்பெயினில் வருகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்விரா என்ற ஊரில் கூடிய ஆயர் சங்கத்தின் 33ஆம் விதி: ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் தங்கள் மனைவியரோடு கூடாமல் விலகியிருக்க வேண்டும், பிள்ளை பெறக் கூடாது. இதைக் கவனமாகப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். கல்யாணம் பண்ணாதே என்று அது சொல்லவே இல்லை. குருவுக்கு மனைவி இருக்கிறாள் என்பதை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது. வீடு ஒன்றாக இருக்கட்டும், படுக்கை வேண்டாம் என்கிறது. தொடக்க நூற்றாண்டுகளின் மேற்கத்தியச் சட்டம் பெரும்பாலும் இப்படித்தான்: மணமானவர் குருவாகத் தடை இல்லை, தாம்பத்தியத்துக்குத் தடை.

ஏன் இந்த விசித்திரம்? 385இல் போப் சிரீசியுஸ் ஸ்பெயின் நாட்டு ஆயர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பதில் கிடைக்கிறது. பழைய ஏற்பாட்டு யூதக் குருக்களுக்கு எருசலேம் கோயிலில் முறை உண்டு. முறை வரும் நாட்களில் வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே தங்கி மனைவியைவிட்டு விலகியிருப்பார்கள். முறை முடிந்ததும் வீடு திரும்புவார்கள். ஆனால் நம் குருக்களுக்கு நாள்தோறும் முறை, அதனால் நாள்தோறும் விலக்கு என்று வாதிடுகிறார் சிரீசியுஸ்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் எப்படி இருப்பார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். திண்ணையில் பாய், தனித் தட்டு, மனைவி எட்டத்தில். மலைக்குப் போய் வந்ததும் மாலையைக் கழற்றிவிட்டுக் குடும்பஸ்தர் ஆகிவிடுவார். அந்த மாலையைக் கழற்றவே முடியாது என்றால் எப்படி இருக்கும்? மேற்கத்தியத் திருச்சபையில் நடந்தது அதுதான். தினமும் திருப்பலி (பூசை) நிறைவேற்றும் பழக்கம் வேரூன்ற, விரதம் நிரந்தரமானது. கிழக்கே தினசரித் திருப்பலி கட்டாயமாகவில்லை. பலிக்கு முந்தைய நாட்களில் விலகியிருந்தால் போதும் என்று விட்டார்கள். 691–692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கம் அதை எழுதியே வைத்தது. திருமணமானவர் குருவாகலாம், மனைவியோடு வாழலாம். ஆனால் குருவான பிறகு திருமணம் செய்ய முடியாது, மனைவி இறந்தால் மறுமணம் கிடையாது, ஆயராகிறவர் மனைவியைப் பிரிந்துவிட வேண்டும். போப்புக்குக் கீழ்ப்படாத கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் ஆயர்களைத் துறவிகளிடமிருந்தே தேர்ந்தெடுப்பதன் மூலம் இதுதான்.

சிரீசியுஸின் வாதத்துக்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது: கணவன் மனைவி உறவு தீட்டு, அந்தக் கையால் பலிபீடத்தைத் தொடக் கூடாது. திருமணத்தை ஏழு அருட்சாதனங்களில் ஒன்றாக வைத்திருக்கும் இன்றைய திருச்சபை இதைச் சொல்வதில்லை; சொன்னால் அதற்கே முரண். ஆனால் அன்று அது பொதுப் புத்தியாக இருந்தது. காலமும் தோதாக இருந்தது. 313க்குப் பிறகு உரோமைப் பேரரசில் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்கு எறிவது நின்றுபோனது. வேதசாட்சியாகச் சாக வழியில்லாத காலத்தில், எகிப்தின் பாலைவனத்துக்குப் போய் உடலை ஒடுக்கிய அந்தோணியார் போன்ற தவசிகள் புதிய வீரர்கள் ஆனார்கள். ஜனங்கள் அவர்களைக் கண்டு பிரமித்தார்கள். அந்தப் பிரமிப்பின் நிழல் ஊர்க் குருவின் மேலும் விழுந்தது. பாலைவனத்தில் ஒருவர் வெறும் ரொட்டியும் உப்பும் தின்று கிடக்கும்போது, நம் குரு மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாரே என்று தோன்றியிருக்கும். சட்டத்தைப் போப் எழுதினாலும், அதற்கான பசி கீழிருந்தும் வந்தது.

எழுதியாயிற்று, நடந்ததா? இல்லை. அடுத்த 600 ஆண்டுகள் ஏடு ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். ஆறாம் நூற்றாண்டுப் போப் சில்வேரியுஸ் இன்னொரு போப்பான ஹொர்மிஸ்தாசின் மகன். 867இல் போப்பான இரண்டாம் ஆட்ரியான் திருமணமானவர். அடுத்த ஆண்டே அவருடைய மனைவியும் மகளும் கடத்திக் கொல்லப்பட்ட கொடுமை நடந்தது. கிராமத்துக் குரு கல்யாணம் செய்தார், கோயில் நிலத்தை உழுதார், மகனைத் தன் இடத்தில் உட்காரவைத்தார். இங்கிலாந்தின் ஹெக்ஸம் ஊரில் இப்படிப் பரம்பரையாகக் குருக்களாக இருந்த ஒரு குடும்பத்தில் 1110 வாக்கில் பிறந்தவர் ஏல்ரெட். அப்பா குரு, தாத்தாவும் குரு. நம் கிராமக் கோயில்களின் பரம்பரைப் பூசாரி முறையேதான். ஆனால் ஏல்ரெட் வளர்வதற்குள் காற்று மாறிவிட்டது. பரம்பரை உரிமை கைவிட்டுப் போனது. அவர் மடத்தில் சேர்ந்து துறவியாகி, பின்னாளில் புனிதர் என்று போற்றப்பட்டார். குரு குடும்பத்துப் பிள்ளை மணத்துறவின் புகழ்பெற்ற முகங்களில் ஒன்றாக ஆனது வரலாற்றின் குறும்பு.

அந்தக் காற்று மாறியது 11ஆம் நூற்றாண்டில். டீக்கடைக்காரர் சொன்ன சொத்து இங்கேதான் உள்ளே வருகிறது. 1022இல் பவியா நகரச் சங்கத்தில் போப் எட்டாம் பெனடிக்ட், குருக்களின் பிள்ளைகள் கோயிலுக்கு அடிமைகள் என்று அறிவித்தார். அடிமைக்கு ஏது வாரிசுரிமை? கோயில் நிலம் கையைவிட்டுப் போவதைத் தடுக்கும் நோக்கம் அதில் பச்சையாகவே தெரிகிறது. ஆனாலும் சொத்துக்காக மட்டுமே வந்த சட்டம் என்று முடித்துவிட்டால் 700 ஆண்டுப் பழைய எல்விரா விதியை எங்கே வைப்பது? என் கணிப்பில் சொத்தைவிடப் பெரிய விஷயம் விசுவாசம்; கடவுள் மேலான விசுவாசத்தைச் சொல்லவில்லை, யாருக்கு விசுவாசமாக இருப்பது என்பது. அன்று ஆயர் பதவியைக் காசுக்கு விற்றார்கள், உள்ளூர்ப் பிரபு தன் மைத்துனனைக் குருவாக்கினான். குரு என்பவர் மாமன், மச்சான், சம்பந்தி வலையில் ஒரு முடிச்சு. ஏழாம் கிரகோரி போன்ற சீர்திருத்தப் போப்புகளுக்கு அந்த வலையை அறுக்க வேண்டியிருந்தது. பெண் கொடுக்காத, பெண் எடுக்காத குரு உள்ளூர் வம்சத்துக்குச் சொந்தமில்லை, உரோமைக்குச் சொந்தம்.

1074இல் கிரகோரி இதைக் கையிலெடுத்தபோது, மனைவியோடு வாழும் குருவின் திருப்பலிக்கு மக்கள் போகக் கூடாது என்றார். இன்றைய மொழியில் சொன்னால் பாய்காட். ஐரோப்பாவில் கலகமே வெடித்தது. பாசாவு நகரில் இந்த ஆணையை வாசித்த ஆயர் அல்ட்மானைக் குருக்களே தாக்கப் பாய்ந்தார்கள். மிலான் நகரில் அதற்கு முன்பே எதிர்க்காற்று. திருமணமான குருக்களுக்கு எதிராகத் தெருவில் மக்களைத் திரட்டிய அரியால்து 1066இல் கொல்லப்பட்டார்.

இதில் யாரும் அதிகம் பேசாத தரப்பு அந்தப் பெண்கள். ஊரறியத் தாலிகட்டிய கதையாக, முறைப்படி மணந்து வந்தவர்கள். சீர்திருத்தவாதிகளில் தலைசிறந்தவரான பீட்டர் தமியான் அவர்களைத் திட்டி எழுதியவற்றைப் படித்தால் ஒரு புனிதரின் பேனாவா இது என்று தோன்றும். 1089இல் மெல்ஃபி சங்கம், மனைவியை விடாத துணைத்திருத்தொண்டர்களின் மனைவியரைப் பிரபுக்கள் அடிமைகளாக எடுத்துக்கொள்ளலாம் என்று இசைவு கொடுத்தது. அடித்தது குருவின் ஒழுக்கத்துக்காக, அடி விழுந்தது அவர் மனைவிக்கு. அந்தப் பெண்களில் ஒருவரேனும் தன் கதையை எழுதிவைத்திருந்தால் நாம் இந்த வரலாற்றை வேறு மாதிரி படித்திருப்போம்.

1123லும் 1139லும் உரோமையின் லாத்தரான் ஆலயத்தில் கூடிய இரண்டு பொதுச்சங்கங்களோடு சட்டம் இறுகியது. 1139இன் மாற்றம் நுட்பமானது. அதுவரை குரு திருமணம் செய்வது குற்றம். ஆனால் செய்தால் அது திருமணம்தான். 1139க்குப் பிறகு அது திருமணமே இல்லை, செல்லாது. குருப்பட்டமே திருமணத்துக்குத் தடை ஆகிவிட்டது. இணையத்தில் பலர் “1139இல்தான் இந்தச் சட்டம் வந்தது” என்று எழுதுவது இதைப் பார்த்துத்தான், பாதி சரி.

அப்புறமும் வாழ்க்கை ஏட்டுக்கு அடங்கவில்லை. மனைவி என்ற சொல் போய் வைப்பாட்டி என்ற சொல் வந்தது, அவ்வளவே. சில மறைமாவட்டங்களில் குருவின் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆயரகம் அபராதம் வசூலித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. போப் ஆறாம் அலெக்சாந்தருக்கே பிள்ளைகள் இருந்த கதை ஊரறிந்தது. ஐஸ்லாந்தின் கடைசிக் கத்தோலிக்க ஆயர் யோன் அராசோன் 1550இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த மதத்தை எதிர்த்துத் தலை வெட்டப்பட்டபோது, அவரோடு சேர்ந்து வெட்டப்பட்டவர்கள் அவருடைய இரண்டு மகன்கள். கத்தோலிக்க மறைக்காக உயிரைக் கொடுத்தார்கள் அப்பாவும் பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகள் இருந்திருக்கவே கூடாது என்று அதே மறையின் சட்டம் சொல்லியது.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர் மார்ட்டின் லூதர் கேட்டது இந்த இரட்டை வாழ்க்கையைத்தான். சுவிட்சர்லாந்தில் சுவிங்லியும் சில குருக்களும் திருமணம் செய்ய அனுமதி கேட்டு 1522இல் கான்ஸ்டன்ஸ் ஆயருக்கு மனுப் போட்டார்கள். 1525இல் முன்னாள் துறவி லூதர், முன்னாள் கன்னிகாஸ்திரி கத்தரினா ஃபொன் போராவை மணந்தார். ஆறு பிள்ளைகள். போதகர் வீடு என்ற புது நிறுவனமே அங்கே பிறந்தது. மனைவி, பிள்ளை, விருந்தாளி, மாணவர் என்று எப்போதும் நிறைந்த வீடு. நெல்லைச் சீமையின் ஐயர் வீடுகளுக்குப் பூர்வீகம் அந்த ஜெர்மானிய வீடுதான்.

எதிராளி கல்யாணத்தைக் கொடியாகப் பிடித்தால், உரோமை மணத்துறவைக் கொடியாகப் பிடிக்காமல் என்ன செய்யும்? 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பழைய விதியை உறுதிசெய்தது. இப்போது காரணம் தீட்டும் இல்லை, நிலமும் இல்லை. நாங்கள் அவர்கள் இல்லை என்ற அடையாளம். ஆனால் அதே ஆண்டு அதே சங்கம் செய்த இன்னொரு காரியம்தான் இந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமடம் அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை கிராமத்துப் பையன் உள்ளூர்க் குருவிடம் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் லத்தீன் கற்று அவனும் குருவாவான். இனி சிறுவயதிலேயே விடுதி, மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் படிப்பு, ஆண்டுக்கணக்கில் பயிற்சி. 1139இலிருந்து 400 ஆண்டுகளாகச் சட்டத்தால் முடியாததை விடுதி மணி சாதித்தது. நம் பூந்தமல்லிக் குருமடம் வரை அந்த மணி ஓசை கேட்கிறது.

மணத்துறவு கப்பலேறி நம் பக்கம் வந்த கதையும் உண்டு. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களின் குருக்களான கத்தனார்கள் சிரிய மரபைப் பின்பற்றித் திருமணம் செய்து குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். 1599இல் கோவாவின் போர்த்துகீசியப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, இனி அது ஆகாது என்றார். பின்னால் 1653இல், போர்த்துகீசிய இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்ற கூனன் குருசுச் சத்தியம் வந்து சமூகம் பிளந்தது. அந்தப் பிளவின் விளைவை இன்றும் காணலாம். ஒரே வேரில் வந்த யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் அச்சன்களுக்குக் குடும்பம் உண்டு. சீரோ மலபார் கத்தோலிக்க அச்சன்களுக்கு இல்லை. கீழைத் திருச்சபையாக இருந்தும் லத்தீன் வழக்கம் ஒட்டிக்கொண்டது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வாசகர்களுக்கு இரு வகை அச்சன்களும் பழக்கமானவர்கள்தான்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இது வேறு மாதிரி வெடித்தது. 1889இல் அலெக்சிஸ் டோத் என்ற கீழைக் கத்தோலிக்கக் குரு, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தன் மக்களுக்குப் பணிசெய்ய மினியாபொலிசுக்கு வந்தார். லத்தீன் பேராயர் ஜான் அயர்லாந்தைப் பார்க்கப் போனார். மனைவி உண்டா என்று கேட்டார் பேராயர். இல்லை என்றார் டோத். முன்பு இருந்தாரா? இருந்தார், இறந்துவிட்டார். அவ்வளவுதான், பேராயர் கையிலிருந்த காகிதங்களை மேசைமேல் வீசினார் என்று டோத் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒரு மனைவியின் நினைவுகூட அந்த அறைக்குள் இடம் பெறவில்லை. டோத் தன் பங்கு மக்களோடு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் பல பங்குகள் போயின. அமெரிக்காவில் கீழைக் கத்தோலிக்கத் திருமணமான குருக்கள் கூடாது என்று 1929இல் உரோமை ஆணையே போட்டது. அந்தத் தடையை நீக்கியவர் போப் பிரான்சிஸ், 2014இல்.

இன்று திருச்சபை சொல்லும் காரணம் என்ன? 1967இல் போப் ஆறாம் பவுல் இதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், கிறிஸ்துவின் மணமகள் திருச்சபை, எனவே குருவின் அன்பு ஒருவருக்கென்று இல்லாமல் எல்லோருக்கும் உரியது. மறுவுலகில் கொள்வினை கொடுப்பினை இல்லை என்று இயேசு சொன்னதற்கு இவ்வுலகிலேயே ஓர் அடையாளம். பிளவுபடாத மனதோடு பணி. தீட்டு எண்ணம் போய் அன்பு என்ற சொல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. படிக்க அழகாகவே இருக்கிறது. அதை நம்பி மகிழ்ச்சியாக வாழும் குருக்களும் இருக்கிறார்கள். சுனாமி நாட்களில் வேளாங்கண்ணிக் கரையில் இரவு பகலாக நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு ‘பிளவுபடாத மனம்’ வெறும் சொல்லாகத் தெரியாது. மடலில் எழுதாத வசதிகளும் இருக்கின்றன. ஆயர் ஒரு கடிதம் போட்டால் சாமியார் ஒரு பெட்டியோடு அடுத்த பங்குக்குக் கிளம்பிவிடலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை, குடும்பத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. எந்தச் சி.எஸ்.ஐ. ஐயரைக் கேட்டாலும் ஜூன் மாத இடமாற்றத்தின் பாடு பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்.

ஆறாம் பவுலின் மடலுக்குப் பின் பல ஆயிரம் குருக்கள் பணியைவிட்டுப் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் விலக்கு தாராளமாகக் கொடுத்தார். 1980இல் இரண்டாம் யோவான் பவுல் அதை இறுக்கினார். விலகியவர் சட்டப்படி பொதுநிலையினர். ஆனால் குருப்பட்டம் அழியாத முத்திரை என்பது கோட்பாடு. அதனால் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகி ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் முன்னாள் சாமியார்கூட, சாலையில் ஒருவர் அடிபட்டுச் சாகக் கிடந்தால் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பு வழங்கலாம். சட்டத்தொகுப்பின் 976ஆம் எண் அப்படித்தான் சொல்கிறது.

சிறார் பாலியல் கொடுமைகள் வெளிவந்த பிறகு, மணத்துறவுதான் காரணமா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. அமெரிக்க ஆயர்களின் கோரிக்கையில் ஜான் ஜே கல்லூரி செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, மணத்துறவு எல்லாக் காலத்திலும் இருந்தது, குற்றங்களோ ஒரு காலகட்டத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன, எனவே அது காரணமாக முடியாது என்றது. ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் 2017இல் வேறு கோணத்தில் பார்த்து, மறைமாவட்டக் குருக்களுக்கு மணத்துறவை விருப்பத்துக்கு விடலாமா என்று உரோமையைக் கேட்கும்படி அந்நாட்டு ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. குடும்பங்களுக்குள்ளேயே இந்தக் குற்றம் எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்த நாம், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவதற்கில்லை. மூடி மறைத்த ஆயர்களின் கூட்டு மௌனத்துக்கு இந்தத் தனி வாழ்க்கை உதவியதா என்பதுதான் கூர்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே லத்தீன் திருச்சபைக்குள்ளேயே பக்கவாட்டுக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. திருமணமான லூத்தரன் போதகர் கத்தோலிக்கராக மாறியபோது குருப்பட்டம் பெற போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1950களின் தொடக்கத்தில் அனுமதித்தார். 1980இல் அமெரிக்காவிலும், 2009இல் பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் இன்னும் விரிவாகவும், இங்கிலாந்துத் திருச்சபை மரபான ஆங்கிலிக்கன் போதகர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. அவர்கள் மனைவி மக்களோடு கத்தோலிக்கக் குருக்களாக இருக்கிறார்கள். பிறவிக் கத்தோலிக்கன் கல்யாணம் செய்தால் குருவாக முடியாது. கல்யாணம் செய்த பிறசபைப் போதகர் மாறி வந்தால் ஆகலாம். எந்த இறையியலாளர் விளக்கினாலும் ஒரு கிராமத்து உபதேசியாருக்கு இது புரிவது கஷ்டம்.

அமேசான் காட்டில் அந்த உபதேசியார்தான் உண்மையில் திருச்சபை. ஆற்றில் பல நாள் படகுப் பயணம் போக வேண்டிய ஊர்கள். குருவை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் அதிர்ஷ்டம். குரு இல்லாவிட்டால் திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை. 2019 அக்டோபரில் வத்திக்கானில் கூடிய அமேசான் ஆயர் மாமன்றம், அந்த ஊர்களில் நல்ல பெயர் எடுத்த, குடும்பமுள்ள நிரந்தரத் திருத்தொண்டர்களுக்கு (குருவாகாமல் அந்தப் படியிலேயே நிற்பவர்கள்; இவர்கள் மணமானவர்களாக இருக்கலாம்) குருப்பட்டம் கொடுக்கலாம் என்று 128க்கு 41 என்ற கணக்கில் வாக்களித்தது. முடிவு போப்பின் கையில். மணத்துறவு திருச்சபைக்கு ஒரு கொடை என்றும், அதை விருப்பத்துக்கு விடுவதில் தனக்கு உடன்பாடு இல்லை என்றும் அதே ஆண்டு ஜனவரியில் விமானத்தில் நிருபர்களிடம் சொல்லியிருந்தார் பிரான்சிஸ். எங்கோ தொலைதூரத் தீவுகளில் வேண்டுமானால் யோசிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். 2020 பிப்ரவரியில் அவருடைய பதில் ஏடு வந்தது. திருமணமான குருக்கள் பற்றி அதில் ஒரு வரி இல்லை, ஆம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. மாமன்றத்தின் இறுதி அறிக்கையை முழுதாகப் படியுங்கள் என்று மட்டும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பமுள்ளவர்களுக்குக் குருப்பட்டம் என்ற மாமன்றத்தின் பரிந்துரை அந்த அறிக்கையின் 111ஆம் பத்தியில் இருக்கிறது.